கிள்ளானில் மரத்துப்போன ஒரு வியாழக்கிழமை

தங்கை மகள் தர்ஷினிக்குப் பரிசம், தாய்மாமன் வராமல் எப்படி நடக்கும் என்று மலேசியாவின் கிள்ளானிலிருந்து போன் வந்தது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மருமகளின் முகம் இல்லை, அவளுடைய அப்பா குணசேகரனின் முகம்தான். ஆறு வருடமாக அவரோடு எனக்குப் பேச்சு கிடையாது.

என் அப்பா இறந்த அன்று, தங்கை சுகந்தியை அனுப்பி வையுங்கள் என்று அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். "அவ இப்ப வர முடியாது மச்சான்" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். பெற்ற மகள் இல்லாமலே அப்பாவை எடுத்தோம். அதன் பிறகு சுகந்தி பேச்சுவாக்கில் கணவர் பெயரைச் சொன்னாலும் நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன்.

ஆனால் இது மருமகள் விசேஷம். நாகர்கோவிலில் பஸ் டிப்போ எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. நேந்திரங்காய் சிப்ஸ் நான்கு கிலோவும் கருப்பட்டியும் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விமான நிலையத்துக்கு அவரே வந்திருந்தார். என் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிற மனிதர். கை அகலம், தோள் அகலம், பேச்சு மட்டும் குறைவு. கொட்டுகிற மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார். "பசிக்குதா மச்சான்?" என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். உண்மையில் நல்ல பசி. அந்த மழைக்கும் சாலையில் ஒரு பள்ளம் தெரியவில்லை. இந்த ரோட்டில் எங்கள் டிப்போ பஸ்கள் ஓடியிருந்தால் நான் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிள்ளான் கடைத்தெருவுக்குத் தனியாக நடந்து போனேன். புடவைக் கடை, பூக்கடை, பலகாரக் கடை என்று தெரு முழுக்கத் தமிழ்ச் சத்தம். உணவுக் கடைக்காரர் "என்னா வேணும் பாஸ்?" என்றதும், பின்னால் யாரோ முதலாளி நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பாஸ் நான்தான். ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாவின் சித்தப்பா மகன் என்று சொல்லலாம், ஆனால் சால்னா இல்லை, பருப்புக் குழம்பு. பக்கத்து மேசையில் ஒருவர், அவருடைய மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் டிவி ரிமோட் தன் கைக்கு வந்துவிட்டது என்று நண்பரிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை கோலாலம்பூரில் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் போக வேண்டியிருந்தது. எங்கள் தெருக்காரர் ஒருவரின் மகன் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரனாக இருக்கிறான். அவனுக்கு ஒரு கிலோ சிப்ஸ் கொடுக்க வேண்டும். கூட வரட்டுமா என்று குணசேகரன் சுகந்தி மூலமாகக் கேட்டார். வேண்டாம் என்று சுகந்தி மூலமாகவே சொன்னேன். அந்த வீறாப்புக்குக் கிடைத்த பலன், எதிர்ப்பக்க ரயிலில் ஏறிப் போர்ட் கிள்ளான் போய் இறங்கினேன். அதுதான் கடைசி நிலையம் என்பதால் அதற்குமேல் தப்பாகப் போக வழியில்லை. திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லாத ஒரு பெட்டியில் நிம்மதியாக உட்கார்ந்தேன். எதிரே இருந்த மலாய் அம்மாள் சிரித்துக்கொண்டே மேலே ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு அறிவிப்பைக் காட்டினார். பெண்கள் பெட்டி. அவர் என்னவோ சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் தமிழில் எனக்குச் சொன்னாள்: "அவசரம் இல்ல, அடுத்த ஸ்டேஷன்ல மாறிக்கோங்கன்னு சொல்றாங்க அங்கிள்." எங்கள் ஊரில் இதற்குள் நாலு பேர் கூடியிருப்பார்கள்.

வியாழக்கிழமை குணசேகரன் லீவு போட்டிருந்தார். காலையில் அவருடைய லோரி நண்பர் ஒருவர் வந்து ஒரு பை நிறையக் கருநீலச் சிப்பியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். தெற்கே லோடு இறக்கிவிட்டு வரும் வழியில் கடலோரத்தில் வாங்கியதாம். இங்கே அதற்கு கூப்பாங் என்று பெயர். எனக்குப் பார்த்ததும் வாய் ஊறிவிட்டது. எங்கள் பக்கத்துக் கடலில் முங்கிப் பாறையில் பறித்து வருவார்களே, அதே குடும்பம். நான் சிப்பி என்றால் உயிரை விடுவேன் என்று குணசேகரனிடம் சுகந்தி எப்போதோ சொல்லியிருக்கிறாள். அதை மனதில் வைத்து நண்பரிடம் சொல்லி வரவழைத்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

அவரே சமைத்தார். இஞ்சி, மிளகாய், தட்டிய எலுமிச்சைப்புல் எல்லாம் போட்டு, ஓடு வாய் திறக்கும்வரை கொதிக்க வைத்தார். சுகந்திக்குச் சிப்பி தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும், தொடமாட்டாள். தர்ஷினி வேலைக்குப் போயிருந்தாள். மேசையில் நானும் அவரும் மட்டும். அவர் ஆறேழு எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் ஓட்டுக் குவியலை எழுப்பினேன். சாற்றைக் கிண்ணத்தில் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

"ஊரு ருசி வருதா மச்சான்?"

"வருது" என்றேன். வந்த நாள் முதல் அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அது.

அரை மணி நேரம் இருக்கும். உதடு குறுகுறுத்தது. மிளகாய் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் உதட்டில் பட்டது தெரியவில்லை, சட்டையில் வழிந்த பிறகுதான் தெரிந்தது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டது மாதிரி நாக்கு தடித்துக் கிடந்தது. பிறகு விரல் நுனிகள். பிறகு உடம்பே காற்றில் மிதப்பது போல ஒரு லேசு. அந்த லேசுதான் என்னைப் பயமுறுத்தியது. எழுந்தேன். தரை இருந்த இடத்தில் கால் போய்ச் சேரவில்லை.

சுகந்தியைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது அவள் பெயராக இல்லை. அவள் ஓடிவந்து பக்கவாதம் என்று அழ ஆரம்பித்தாள். குணசேகரன் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

"எனக்கும் உதடு மரத்த மாதிரிதான் இருக்கு. இது கூப்பாங்" என்றார்.

அவ்வளவுதான். குழந்தையைத் தூக்குவது போல என்னைத் தூக்கிக் காரில் போட்டார். சுகந்தி முன்னால் உட்கார்ந்தாள். பெரிய சாலையில் கண்டெய்னர் லோரிகள் வரிசையாக நின்றன. அந்த வரிசை எங்கே கலையும், எங்கே கலையாது என்று அவருக்குத் தெரியும். ஏதேதோ குறுக்குச் சந்துகளில் திருப்பினார். பின் இருக்கையில் கிடந்த எனக்குக் கட்டடங்களின் உச்சியும் மின்கம்பிகளும் மட்டும் தெரிந்தன. பயமாக இருந்ததே தவிர மயக்கம் இல்லை. மூளை அன்றைக்கு இருந்தது போல் தெளிவாக என்றைக்கும் இருந்ததில்லை.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இளம் மலாய் டாக்டர் ஒருவர் வந்தார். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, இன்னும் யார் யார் சாப்பிட்டார்கள் என்று மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் குணசேகரன் முகம் மாறிவிட்டது. கைபேசியை எடுத்து வெளியே ஓடினார். சிப்பி கொண்டுவந்த நண்பர் தனக்கும் ஒரு பை வாங்கியிருந்தார், அவர் வீடு பக்கத்து ஊரான மேருவில். திரும்பி வந்தவர் சுவரில் சாய்ந்துகொண்டு சுகந்தியிடம் சொன்னார், நண்பரின் மனைவி அப்போதுதான் சட்டியை அடுப்பில் வைத்திருக்கிறார், இறக்கிவிட்டார்கள். ஐந்து பேர் உள்ள வீடு.

அவருடைய கையிலும் நோயாளிப் பட்டையைக் கட்டி எனக்குப் பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். குறைவாகத் தின்றவரையும் கவனித்தாக வேண்டுமாம்.

என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் கிள்ளான் தமிழ்ப்பெண். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்கிறார்கள். "அங்கிள், மூச்ச நல்லா இழுத்து, ஒரே மூச்சுல ஒன்னு ரெண்டு எண்ணுங்க" என்றாள். குழறிக் குழறி இருபத்திரண்டு வரை போனேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. பதினான்கு. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து ஒன்பது. அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டு போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். மூச்சுக்கு உதவும் முகமூடியை மாட்டினார்கள். செயற்கைச் சுவாசக் கருவியையும் உருட்டிவந்து தலைமாட்டில் தயாராக நிறுத்தினார்கள். அதன் சக்கரச் சத்தம் கேட்டது. தலையைத் திருப்ப முடியவில்லை.

டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை மிஸ்ஸி என் தங்கைக்குத் தமிழில் சொன்னாள், எனக்கும் காதில் விழுந்தது. கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பாசி சில நேரம் ஏராளமாகப் பெருகும். சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்கிற பிராணி, அந்த நஞ்சு அதன் சதையில் சேர்ந்துவிடும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. நிறம் மாறாது, நாற்றம் வராது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நஞ்சு சாகாது. சாற்றிலும் இறங்கிவிடும். நம் நரம்பில் செய்தி ஓடுவதற்கு உப்புச் சத்து உள்ளே போக வேண்டும், அதற்குச் சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. இந்த நஞ்சு போய் அந்த வாசலில் தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். மூளை கட்டளை போடும், கட்டளை தசைக்குப் போய்ச் சேராது.

எனக்கு உடனே புரிந்தது. பேட்டரி ஃபுல்லாக இருக்கிறது, மோட்டாரிலும் கோளாறு இல்லை, நடுவில் லைன் போகவில்லை. எத்தனை பஸ்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் டிப்போவில் கம்பியை மாற்றிவிடுவேன்.

மாற்று மருந்து இல்லையா என்று சுகந்தி கேட்டாள். இல்லை என்றார்கள். நஞ்சு தானாகச் சிறுநீரில் இறங்கிவிடும், அதுவரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். ஒரு நாள் தாண்டினால் பயமில்லை.

ஒரு நாள். கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சிறுவிரலை அசைக்க நினைத்தேன். நினைத்தது அப்படியே நினைப்பாகவே நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் முகமூடி காற்றைத் தள்ளியது. தள்ளுவதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வீட்டில் என் மனைவி இந்நேரம் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருப்பாள் என்றும் யோசித்தேன்.

சாயங்காலம் சுகந்தியை வெளியே இருக்கச் சொன்னார்கள். மிஸ்ஸி குணசேகரனிடம், "இவருக்கு எல்லாம் கேக்கும் அங்கிள், பதில்தான் சொல்ல முடியாது. ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க, தைரியமா இருப்பாரு" என்றாள்.

நல்ல ஆளிடம் சொன்னாள் என்று நினைத்தேன்.  பிறகு கட்டில் கிறீச்சிட்டது, நாற்காலி இழுபட்டது. அவர் பேச ஆரம்பித்தார்.

முதலில் லோரி பற்றித்தான். போர்ட்டில் எந்த வாசலில் கூட்டம் குறைவு, தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில் எங்கே லோரியைப் பின்னால் எடுப்பது கஷ்டம், ஒரு தடவை கண்டெய்னரைத் திறந்தபோது உள்ளே ஒரு பூனை உட்கார்ந்திருந்தது, அதற்கு இப்போது போர்ட்டில் ஏழு குட்டி. ஒரு மனிதர் இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு. நடுவில் நிறுத்தி முகமூடியைப் பார்ப்பார், மானிட்டரைப் பார்ப்பார், மறுபடி ஆரம்பிப்பார்.

பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"மச்சான், மாமா தவறுன வாரம் சுகந்திக்கு கர்ப்பப்பை ஆப்பரேஷன். ரத்தம் நிக்கல, ஐசியூல இருந்தா. நீங்க போன் போட்டப்ப நான் அந்த வாசல்லதான் நின்னேன். ஊருக்கு இத சொல்லாதீங்கன்னு ஆப்பரேஷனுக்கு முன்னாடியே என் கையப் புடிச்சுக்கிட்டா. அதான் வர முடியாதுன்னு மட்டும் சொன்னேன். அப்பறம் சொல்லலாம்னா நீங்க என் போன எடுக்கல. நாளாக நாளாக எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல லா."

என் போர்வையை இழுத்துவிட்டார்.

"இன்னிக்கு உங்களுக்கு நல்லதா ஒன்னு ஆக்கிப் போடலாம்னு பாத்தேன். பாருங்க, இப்படி ஆயிருச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் வெளியே வர வழியில்லை. அவர் கையைப் பிடிக்க வேண்டும். கையே, எழுந்திரு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆறு வருடமாக ஒரு கேள்வி கேட்க வாய் இருந்தும் நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது வாய் இல்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"கேட்டுச்சுன்னா கண்ண மூடித் தொறங்க மச்சான்."

மூடித் திறந்தேன். போதாது என்று தோன்றியது. மறுபடி மூடித் திறந்தேன், மறுபடியும்.

"போதும், போதும்" என்றார். முகத்தைத் துடைத்துவிட்டார், எனக்கும் அவருக்கும் ஒரே துண்டால்.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் வலது கால் பெருவிரல் போர்வைக்குள் அசைந்தது. நான்தான் அசைத்தேன் என்று நம்புவதற்காக இன்னொரு தடவை அசைத்தேன். மிஸ்ஸி வேலை மாறிப் போயிருந்தாள், இன்னொருத்தி வந்து எண்ணச் சொன்னாள். பதினொன்று. மதியம் பத்தொன்பது. சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவர்கள் குறித்துக்கொண்டே இருந்தார்கள். குணசேகரன் அதை எட்டிப் பார்த்து, பரீட்சை மார்க் வாங்கிய பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முகமூடியைக் கழற்றியதும் நான் கேட்டது அவரைப் பற்றித்தான், மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்று. புது மிஸ்ஸி, அவரைக் காலையிலேயே அனுப்பிவிட்டோம், அவர்தான் போக மாட்டேன் என்கிறார் என்றாள்.

சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டாக்டர் சொன்னபடி, தர்ஷினி வீட்டுக் குப்பைப் பையிலிருந்து மிச்ச ஓடுகளைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பரிசம் நடக்கப்போகிற பெண்ணுக்கு வந்த வேலையைப் பாருங்கள். அந்தக் கடலோரத்துச் சிப்பியை யாரும் வாங்க வேண்டாம் என்று மறுநாளே அறிவிப்பு வந்ததாகக் குணசேகரன் சொன்னார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். சுகந்தி கஞ்சி கொண்டுவந்தாள். ஏன் என்னிடம் ஒரு தடவையாவது சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லியே அண்ணே" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.  கஞ்சியைக் குடித்தேன். அன்று மாலை மூன்று பேரும் உட்கார்ந்து அப்பாவைப் பற்றி வெகுநேரம் பேசினோம். அப்பா கடைசியில் என்ன சாப்பிட்டார், யார் யார் வந்திருந்தார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆறு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

ஞாயிற்றுக்கிழமை பரிசம். மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டு, புடவைத் தட்டோடு மூன்று வேனில் வந்து இறங்கினார்கள். தாய்மாமன் மாலை போட வேண்டும். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், நான் எழுந்து நின்றேன். குணசேகரன் யாருக்கும் தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். ரோஜா மாலை நல்ல கனம். கை இரண்டும் தோளுக்கு மேலே போயின, நடுங்கிக்கொண்டே போயின. தர்ஷினி எனக்காகத் தலையை நிறையவே குனிந்தாள். மாலை விழுந்தது. ஒரு காது ஜிமிக்கியில் மாட்டிக்கொண்டது, அதை எடுக்கத்தான் விரல் ஒத்துழைக்கவில்லை. நுனிகளில் இன்னும் மரப்பு இருந்தது. அவளே எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாலை விமானம். வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் நிறுத்தி, ஒரு கடையில் உட்கார்ந்தோம். உள்ளே யாரோ தொலைபேசியில், தோசை மாவு இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட என்ன வேண்டும் என்று குணசேகரன் கேட்டார். கடலில் பிறக்காதது எதுவானாலும் சரி என்றேன். வாய் விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, முன்பல் ஒன்று இல்லை.

இழுத்து ஆற்றிய தேநீர் நுரையோடு வந்தது. கைப்பிடி இல்லாத கண்ணாடி டம்ளர். எடுத்தேன். சட்டென்று மேசையில் வைத்தேன், கொஞ்சம் சிந்தியது.

அவர் பாதி எழுந்துவிட்டார். "என்னா மச்சான், திரும்பவும் மரக்குதா?"

"இல்ல மாப்பிள்ளை, சுடுது."

விரல் நுனிகளைப் பார்த்தேன், சிவந்திருந்தன. டம்ளரை மறுபடி எடுத்து, பத்து விரலாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். ஆறும் வரை கீழே வைக்கவில்லை.